ஊர்ப்பெயரில் எஞ்சிய மரங்கள்

ஒரு நிலத்தில் முன்னாளில் எம்மரம் வளர்ந்தது, எவ்விலங்கு உலவியது என்று அறிய ஏட்டுச் சுவடிகளைத்தாம் புரட்டவேண்டும் என்பதில்லை. ஊர்ப்பெயர்களைக் காதுகொடுத்துக் கேட்டாலே பாதி விளங்கிவிடும். மலாக்கா மாநிலத்து அலோர்காஜாவை எடுத்துக்கொள்வோம். ‘காஜா’ என்பது யானை; தமிழில் நாம் வழங்கும் ‘கஜம்’ என்ற வடசொல்லே மலாய் மொழியில் அவ்வாறு நிற்கிறது. ‘அலோர்’ என்பது நீரோடும் தடம். யானை இறங்கி நடந்த தடம் ஒன்று அங்கே இருந்ததென்று பெயர் சொல்கிறது. அதே மாவட்டத்தில், தமிழர் பல தலைமுறையாக வாழ்ந்துவரும் ரெம்பியாவின் பெயரோ சவ்வரிசிப் பனையைக் குறிக்கும் மலாய்ச் சொல். ‘ரும்பியா’ என்றும் வழங்குவர். முன்னாளில் அத்தாப்புக் கூரை வேய்ந்ததில் இப்பனையின் ஓலைக்கும் பங்கு உண்டு. டுரியான் துங்கல் என்பது ‘தனித்து நின்ற டுரியான்’. கெமுனிங் என்பது மணமுள்ள வெண்பூவும், பறவைகள் விரும்பும் செங்கனியும் உடைய ஒரு சிறுமரம்.

குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்று நிலத்துக்கு அதன் செடிகொடியின் பெயரையே சூட்டிய மரபில் வந்த நமக்கு இஃது ஒன்றும் புதிதன்று. ஆயினும் மாநிலத்தின் பெயரையே பார்த்தால் வியப்பு இன்னும் கூடும். ‘மலாக்கா’ என்பது நெல்லிமரம். அதியமான் ஔவைக்கு ஈந்ததாகச் சங்க இலக்கியம் போற்றும் அதே நெல்லிதான். இந்தியாவிலிருந்து மலாய்த் தீபகற்பம் வரை இயற்கையாகவே பரந்து வளரும் மரம் அது. பரமேசுவரன் இந்நெல்லியின் நிழலில் இருந்தபோது, அவனுடைய வேட்டைநாயைச் சருகுமான் ஒன்று உதைத்துத் தள்ளியதென்றும், சிறு மானுக்கே இத்துணை வீரம் தரும் மண்ணில் நகரம் அமைப்போம் என்று அவன் துணிந்தானென்றும் கதை வழங்குகிறது. ஊர்ப்பெயருக்கு வேறு விளக்கம் சொல்வாரும் உளர். எனினும் மாநிலச் சின்னத்தில் நெல்லிமரமும் இருபுறமும் சருகுமானும் இன்றும் நிற்கின்றன.

இக்கதையில் நாம் கவனியாமல் விடும் செய்தி ஒன்று உண்டு. நெல்லி காட்டு விலங்கு உண்ணும் கனியைத் தரும் மரம். சருகுமான் உதிர்ந்த பழத்தைத் தேடி உண்ணும் விலங்கு. மரமும் மானும் ஒரே படத்தில் நிற்பது கதைக்காரர் கற்பனையாகவே இருக்கலாம். ஆனால் காடு நடைபெறும் முறையே அதுதான். மரம் விலங்குக்கு உணவு தருகிறது. விலங்கு மரத்துக்கு இடம் தேடித் தருகிறது.

இன்று ரெம்பியா வட்டாரத்தில் கண்ணுக்கெட்டிய வரை நிற்பவை இரண்டே மரங்கள்: பால்மரம், செம்பனை. அவற்றின் இடையிடையே தொழிற்பேட்டையும் புதிய வீடமைப்புகளும். இவ்விரு மரங்களும் நம்மவரின் வாழ்வோடு பின்னிப் பிணைந்தவை. அவற்றைப் பழிப்பது நம் நோக்கமன்று. பால்மரம் மலாயாவில் வாணிகப் பயிராக முதன்முதலில் வேரூன்றியதும் இம்மாநிலத்திலேயே. 1896-இல் தான் சாய் யான் என்னும் சீன வணிகர் புக்கிட் லிந்தாங்கில் ஏறத்தாழ 40 ஏக்கரில் அதை நட்டார். நடும்படி அவரைத் தூண்டியவர் சிங்கப்பூர்ப் பூங்காவின் தலைவராயிருந்த ஹென்றி ரிட்லி. பைத்தியக்காரர் என்று தோட்ட முதலாளிகள் எள்ளும் அளவுக்கு, பார்ப்பவர் கையிலெல்லாம் ரப்பர் விதையைத் திணித்தவர் அவர்.

அந்த ரிட்லியே பின்னாளில், 1930-இல், உலகெங்கும் செடிகொடிகளின் விதைகள் எவ்வாறு பரவுகின்றன என்பதைப் பற்றிப் பெருநூல் ஒன்றை வெளியிட்டார். காற்று, நீர், பறவை, வௌவால், குரங்கு, எறும்பு என எவை எவை விதையைச் சுமக்கின்றன என்று ஆராய்ந்த நூல் அது. காட்டை அகற்றி வந்த மரத்தை ஊர்ஊராகப் பரப்பிய கையே, காடு தன்னைத்தானே நட்டுக்கொள்ளும் முறையையும் எழுதிவைத்தது. இத்தகைய முரண்பாடுகள் வரலாற்றில் அரியவல்ல.

பழம் ஒரு கூலி

விதைக்கு ஏன் சுற்றிலும் சதை? தாய்மரத்தின் நிழலிலேயே விழுந்த விதை பெரும்பாலும் பிழைப்பதில்லை. வெளிச்சம் போதாது, புழுவும் பூஞ்சையும் அங்கேயே காத்திருக்கும். தொலைவில் போய் விழுந்தால்தான் வாழ்வு. மரத்துக்கோ கால் இல்லை. ஆகையால் கால் உள்ளவற்றையும் சிறகு உள்ளவற்றையும் அது கூலிக்கு அமர்த்துகிறது. இனிய சதையே அக்கூலி. தோட்டப்புறத்தில் வாழ்ந்தவர்க்கு இதற்குமேல் விளக்கம் வேண்டியதில்லை.

பால்மரத்துக்கு இந்தக் கூலியாள் வேண்டியதில்லை. அதன் காய் முற்றியதும் ‘பட்’டென்று வெடித்து விதையைத் தானே எறிந்துவிடும். பொறுக்கி விளையாடாத தோட்டத்துப் பிள்ளை யார்? விழுந்த விதையைப் பன்றியும் அணிலும் கடித்துத் தின்னும். கனி நாடும் பறவைக்கு மட்டும் அங்கே வேலையில்லை. செம்பனைப் பழத்தை எலியும் மரநாயும் பன்றியும் உண்பது உண்மையே. ஆயினும் ஒரே பழம், ஒரே உயரம், இருபத்தைந்து ஆண்டுக்கொரு முறை மொத்தமாக வெட்டிச் சாய்த்தல். பலவகை உயிர்கள் ஆண்டு முழுதும் குடியிருக்க அஃது இடமாகாது.

காட்டு மரங்களிலோ கூலிக்குத் தக்க ஆள் உண்டு. கொண்டைக்குருவியின் வாய் சிறிது. அது விழுங்குவது சிறு கனி. இருவாட்சிப் பறவை சாதிக்காய் போன்ற பெருவிதையையும் முழுதாக விழுங்கிப் பல காதம் கடந்து உமிழ்ந்துவிடும். பெருவாய்ப் பறவை அழிந்த ஊரில் சிறுவிதைச் செடிகள்தாம் தாமாகப் பரவும். பெருவிதை மரங்கள் முதுமையடைந்து ஒவ்வொன்றாய்ச் சாய்ந்தபின் அவ்விடத்துக்கு வாரிசு இராது. பச்சையாகத்தான் இருக்கும், ஆனால் காடு மெல்ல மெல்ல வறியதாகும். ரெம்பியா போன்ற இடங்களின் நிலைமை இதுவே. தரிசு விட்ட கொல்லையில் செண்டுடுக் செடி தானே முளைக்கும். அதன் கனியைத் தின்று நாக்கைக் கறுப்பாக்கிக்கொள்ளும் பிள்ளைகளைப் போலவே குருவிகளும் அதை நாடி வரும். காட்டுச் சாதியும் செம்படாக்கும் அவ்வாறு தாமாக வந்துவிடமாட்டா. இருவாட்சி செய்த வேலையை இனி மனிதன் கைதான் செய்யவேண்டும்.

நெல்லியைத் தூக்கிச் செல்லும் கூலியாள் யார்? வட இந்தியாவில் ராஜாஜி காட்டிலும் தமிழகத்து முதுமலையிலும் ஆராய்ந்தவர்கள் ஒரு நுட்பத்தைக் கண்டனர். புள்ளிமான் நெல்லிக்கனியை விழுங்கி வேறோர் இடத்துக்குச் சென்று, படுத்து அசைபோடும். அப்போது கொட்டையை மட்டும் வெளியே துப்பிவிடும். அசைபோடும் இடந்தோறும் நெல்லிக் கொட்டை. மலாக்காவின் சின்னத்தில் நெல்லியடியில் மான் நிற்பதை இனிப் பார்க்கும்போது இச்செய்தி நினைவுக்கு வராமற்போகாது.

அத்தி, ஆல், அரசு, இச்சி ஆகிய ஓரினத்து மரங்களைத் தனியே சொல்லவேண்டும். ‘அத்தி பூத்தாற்போல’ என்கிறோம். உண்மையில் அத்தி பூக்காமல் இல்லை. அதன் பூக்கள் காய்க்குள்ளே மறைந்து கிடக்கின்றன. எள்ளினும் சிறிய குளவி ஒன்று காயின் நுண்டுளை வழியே நுழைந்து அவற்றுக்கு மகரந்தம் சேர்க்கிறது. அத்தி வகை ஒவ்வொன்றுக்கும் பெரும்பாலும் தனித்தனிக் குளவி. அக்குளவியின் ஆயுளோ மிகக் குறுகியது. ஆகவே எக்காலத்தும் வட்டாரத்தில் ஏதேனும் ஒரு மரம் காய்த்திருந்தால்தான் குளவியின் குலம் நிலைக்கும். அத்திமரங்கள் எல்லாம் ஒரே பருவத்தில் காய்க்காமல், இன்று ஒன்றும் நாளை ஒன்றுமாகக் காய்ப்பது இதனாலேயே. மலாயாக் காட்டின் பெருமரங்கள் பல, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை சேர்ந்து பூத்துக் காய்த்து, இடையில் வெறுமனே நிற்கும் இயல்புடையவை. அந்தப் பஞ்ச காலத்தில் பறவைக்கும் வௌவாலுக்கும் அணிலுக்கும் கஞ்சித்தொட்டி அத்தியே. தோட்டத்துக் கோயில்களின் அரசும் ஆலும் இவ்வகையில் செய்துவரும் தொண்டை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. தோட்டம் விற்கப்பட்டுக் கோயில் இடம் பெயரும்போது, சிலையை எடுத்துச் செல்கிறோம். மரத்தை எடுத்துச் செல்ல முடிவதில்லை.

இனி வௌவால். டுரியான் பூ மாலையில் விரிந்து இரவில் தேன் சுரப்பது. அதற்கு மகரந்தம் சேர்ப்பதில் தலைமையானது தேனுண்ணும் வௌவால். பத்துமலைக் குகைகளில் வாழும் இவ்வௌவால்கள் கடலோரச் சதுப்பு மரங்களின் பூவைத் தேடி 38 கிலோமீட்டர் வரை இரவில் பறந்து சென்று வருவதாக 1976-இல் வெளிவந்த ஆராய்ச்சி ஒன்று தெரிவித்தது. தைப்பூசத்துக்கு மலையேறுகிற நாம், தலைக்குமேல் தொங்குபவற்றுக்கும் நம் டுரியானுக்கும் உள்ள உறவை அறிந்திருப்பது நல்லது. தியோமான் தீவில் பெரிய பழந்தின்னி வௌவாலும் டுரியானைக் காய்க்கச் செய்கிறது என்று 2017-இல் வெளியான ஆய்வு காட்டிற்று. ஜொகூர் மாநிலத்துக் குளுவாங் நகருக்குப் பெயர் தந்ததும் ‘கெலுவாங்’ என்னும் பழந்தின்னி வௌவாலே.

வால்பாறை காட்டிய வழி

தோட்ட நிலத்தில் காட்டை மீட்க முடியுமா என்று கேட்பார்க்கு விடை, தமிழகத்து ஆனைமலையில் இருக்கிறது. வால்பாறை மேட்டுநிலம் ஏறத்தாழ 220 சதுர கிலோமீட்டர். 1890-களின் இறுதி முதல் அங்கு மழைக்காடு வெட்டப்பட்டுக் காப்பியும் தேயிலையும் நடப்பட்டன. நாடு வேறு, வரலாறு ஒன்றே: கங்காணி, லயம், பெரட்டு எல்லாம் அங்கும் உண்டு. தேயிலைக் கடலுக்கு நடுவே சிறு சிறு தீவுகளாகக் காட்டுத் துண்டுகள் மட்டும் எஞ்சின. அவற்றில் சோலைமந்தியும் மலை இருவாட்சியும் ஒண்டி வாழ்ந்தன.

மைசூரில் 1996-இல் தொடங்கப்பெற்ற இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளையைச் சேர்ந்த திவ்யா முத்தப்பாவும் டி. ஆர். சங்கர் ராமனும் இந்நூற்றாண்டின் தொடக்கத்தில், தோட்ட நிறுவனங்களின் இசைவோடு இத்துண்டுகளைச் செப்பனிட முனைந்தனர். அவர்கள் விதை சேர்த்த முறை எளியது, அழகியது. சாலையிலும் சாலையோரத்திலும் உதிர்ந்து, வண்டிச் சக்கரத்தில் நசுங்கவிருந்த விதைகளைப் பொறுக்கினார்கள். மரநாயின் எச்சத்தில் கிடந்த விதைகளையும் எடுத்தார்கள். ஆனைமலைப் பகுதியின் பழுப்பு மரநாய் 50-க்கும் மேற்பட்ட வகைக் கனிகளை உண்பது. அதன் எச்சமே ஒரு நாற்றுப்பண்ணை. இவ்வாறு நூற்றுக்கும் மேற்பட்ட மரவகைகளின் நாற்றுகளை வளர்த்து, உண்ணிச்செடி முதலிய அயற்களைகளைக் களைந்து, தென்மேற்குப் பருவமழையில் நட்டார்கள். நாவல், வெடிப்பலா, காட்டுச் சாதி, கருங்குங்கிலியம் என ஒரு துண்டிலேயே பல வகை கலந்து நடுவது அவர்கள் வழக்கம். ஒரே மரத்தை வரிசையாக நட்டால் அதுவும் ஒரு தோட்டமாகிவிடும் அன்றோ?

பலன் யாது? 2019-இல் வெளியான ஆய்வு, நட்டுப் பேணிய இடங்களையும், அப்படியே விட்டுவைத்த இடங்களையும் ஒப்பிட்டது. நட்ட இடங்களில் மரவகையும், நிழலும், மரங்களில் சேர்ந்த கரியின் அளவும் மிகுந்திருந்தன. எனினும் கெடாத மழைக்காட்டை அவை எட்டிவிடவில்லை. 2022-இல் பறவைகளைப் பற்றி வந்த ஆய்வும் அவ்வாறே நட்ட இடத்துக்கே நற்சான்று தந்தது. முதல் ஆய்வில் நமக்கு மிகவும் வேண்டிய செய்தி ஒன்று உள்ளது: பெருங்காட்டை விட்டு விலகியிருக்கும் துண்டுகளில்தான் கைந்நடவின் பயன் பெரிதாகத் தெரிந்தது. காரணம் வெளிப்படை. காட்டுக்கு அருகில் உள்ள இடத்துக்குப் பறவை விதை கொண்டுவரும். தொலைவில் உள்ள இடத்துக்கு யார் கொண்டுவருவார்? காடு மிகக் குறைந்த மலாக்காவுக்கு, அதிலும் ரெம்பியாவுக்கு, இது நேராகப் பொருந்தும்.

வால்பாறை ஓர் எச்சரிக்கையையும் தருகிறது. காப்பிக்கு நிழலாக ஆப்பிரிக்காவிலிருந்து கொணர்ந்த மீசோப்சிஸ் என்ற மரத்தின் கனியை இருவாட்சி ஆவலோடு உண்கிறது. உண்டு, அவ்வயல்மரத்தைக் காட்டுக்குள்ளும் விதைக்கிறது. மரநாயும் அவ்வாறே காப்பி விதையைக் காட்டுக்குள் கொண்டுசேர்க்கிறது. பறவை தின்கிறது என்பதற்காக எதையும் நட்டுவிடலாகாது. இங்கு வீட்டோரங்களில் நிற்கும் செரிப்பழ மரம் அமெரிக்காவிலிருந்து வந்ததே. குருவியும் வௌவாலும் அதைக் கொண்டாடுகின்றன. அதை வெட்ட வேண்டும் என்று சொல்லேன். புதிதாக நடுவதற்கு அதைத் தேடிப்போகவும் வேண்டா. இம்மண்ணுக்குரிய மரம் எது என்பதிலும் சிக்கல் உண்டு. ரெம்பியா என்று ஊருக்கே பெயர் தந்த சவ்வரிசிப் பனையின் பிறப்பிடம் மொலுக்காஸ், நியூகினிப் பக்கம் என்பர். பல நூற்றாண்டாகக் குடியேறி ஊரோடு ஒன்றிவிட்டதை அயலார் என்று ஒதுக்க நமக்கு வாய் வராது!

எங்கே நடுவது

யானைத்தடத்தில் மீண்டும் யானையை நடக்கவிட யாரும் கேட்கவில்லை. குருவி, அணில், மரநாய், பழந்தின்னி வௌவால் ஆகியவை நிம்மதியாக உண்டு உறங்கும் பசும்பட்டைகள் அமைந்தாலே பெரிது. சிங்கப்பூரில் அற்றுப்போன கறுப்பு வெள்ளை இருவாட்சி 1994-இல் உபின் தீவில் மீண்டும் தென்பட்டது. 2004 முதல் கூடுபெட்டிகள் வைத்துப் பேணியதால் இன்று நூற்றுக்கு மேல் பெருகியுள்ளது. பெட்டி ஏன்? இருவாட்சிக்குப் பழம் மட்டும் போதாது. முதுமரத்தின் பொந்தும் வேண்டும். ஆகவே புதிதாக நடுவதினும், நிற்கும் முதுமரத்தைக் காப்பது முற்பட்ட கடமை.

இடத்தைப் பற்றி ஒளிவுமறைவின்றிப் பேசவேண்டும். தோட்டத்து நிலம் தொழிலாளிக்கு உரியதன்று. அவன் நட்ட மரத்தை நாளை யாரும் வெட்டலாம். நம் கைக்குள் இருப்பவை கோயில் நிலம், தமிழ்ப்பள்ளி வளாகம், சுடுகாட்டு ஓரம், சொந்த மனையின் பின்கொல்லை ஆகியவை. அவற்றோடு ஓடைக்கரை. மலேசிய வடிகால் நீர்ப்பாசனத் துறையின் நெறிப்படி 5 மீட்டருக்குக் குறைந்த அகலமுள்ள ஓடைக்குக்கூட இருகரையிலும் 5 மீட்டர் விடவேண்டும். 40 மீட்டருக்கு மேற்பட்ட ஆற்றுக்கு 50 மீட்டர். செம்பனையை வெட்டி மறுநடவு செய்யும் வேளையில் அக்கரைகளைக் கேட்டுப் பெறுவது எளிது. நட்டு முடித்தபின் கேட்பது அரிது. முன்மாதிரிக்கும் வெகுதொலைவு போகவேண்டா. மலாய்க் கம்பங்களின் ‘டூசுன்’ தோப்பைப் பாருங்கள்: டுரியான், செம்படாக், லங்சாட், ரம்புத்தான், மங்குஸ்தீன் எல்லாம் உயரமும் தாழ்வுமாகக் கலந்து நிற்கும்.

வீட்டை ஒட்டி நடுவதில் இரு தீங்குகள் உண்டு. ஒன்று குரங்கு. சமையலறைச் சன்னலுக்கு எதிரே பழமரம் நட்டுவிட்டுப் பின்னர்க் குரங்கின்மேல் பழி சொல்வது முறையன்று. மற்றொன்று பெரிது. 1998, 1999-ஆம் ஆண்டுகளில் நீப்பா நச்சுக்காய்ச்சல் மலேசியாவில் 105 உயிர்களைக் குடித்தது. பழந்தின்னி வௌவாலிடம் இருந்த கிருமி பன்றிக்கும், பன்றியிலிருந்து மனிதனுக்கும் தாவியது. பன்றிக் கொட்டகைகளை ஒட்டி நின்ற பழமரங்களிலிருந்து வௌவால் கடித்த பழம் கீழே விழுந்ததே வழியாயிற்று என்று ஆராய்ந்தவர் கருதினர். இதற்காக வௌவாலைக் கொல்வது பேதைமை. தொழுவத்தின்மேல் பழமரம் கவியாமலும், வௌவால் கடித்த பழத்தைப் பிள்ளைகள் உண்ணாமலும் பார்த்துக்கொள்வதே அறிவு.

நாற்று வளர்ப்பதில் நம்மவர்க்குப் பாடம் சொல்லவேண்டியதில்லை; பால்மர நாற்றுமேடையில் ஒட்டுக்கட்டி வளர்ந்த கைகள் அவை. ஒரு வேறுபாட்டை மட்டும் நினைவிற் கொள்க. டுரியான், ரம்புத்தான், செம்படாக் ஆகியவற்றின் விதை உலர்ந்தால் செத்துவிடும். பழம் தின்ற ஓரிரு நாளிலேயே சதையைக் கழுவிப் பையில் ஊன்றிவிடவேண்டும். நெல்லியோ இதற்கு நேர்மாறு. அதன் கொட்டையை வெயிலில் நன்றாகக் காயவிட்டால் தானே வெடிக்கும். உள்ளே ஆறு விதைகள் இருக்கும். ஆலையும் அத்தியையும் போத்து வெட்டி நடலாம். ஆண்டு முதல் இரு மாதங்களின் வறட்சிக்கு முன்பே வேர்பிடிக்கும்படி, அக்டோபர், நவம்பர் மழையில் நடுவது மலாக்காவுக்கு ஏற்றது. விதையிட்டு வளர்த்த நெல்லி காய்க்க ஆறு முதல் எட்டு ஆண்டு ஆகும். முதல் வகுப்புப் பிள்ளை பள்ளியில் ஊன்றிய நெல்லியின் முதற்கனி, அப்பிள்ளை ஆறாம் வகுப்பை முடிக்கும் வேளையிலோ, அதற்குச் சற்றுப் பின்னரோ உதிரும்.